சார்பட்டா பரம்பரை (திரைப்படம்)

பா. ரஞ்சித் இயக்கத்தில் ஆர்யா நடித்த தமிழ்த் திரைப்படம். கொரோனா காலம் என்பதால் திரையரங்குகளைத் தொடாமல் 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. எழுத்தாளர் தமிழ்ப் பிரபா திரைக்கதையில் பங்களித்தார். இசை சந்தோஷ் நாராயணன், ஒளிப்பதிவு ஜி. முரளி.

1970களின் வடசென்னையில், சார்பட்டா, இடியாப்பப் பரம்பரை என்ற இரு குத்துச்சண்டைக் குழுக்களின் மானப் பிரச்சினையே கதை. அம்மா பாக்கியத்துக்குப் பயந்து வேடிக்கை மட்டும் பார்த்துவந்த கபிலன் (ஆர்யா), வாத்தியார் ரங்கனின் மானத்தைக் காக்கக் கையுறை மாட்டுகிறான். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் போட்டி நடக்கும்போதே தி.மு.க.காரரான ரங்கன் கைதாவது கதையின் திருப்பம். பிற்பாதியில் சாராயத்தில் மூழ்கி, தொந்தி போட்டு, மீண்டும் எழுகிறான் கபிலன். இந்தப் பகுதி சற்று இழுவைதான்.

படத்தைத் தூக்கி நிறுத்துவது நடிப்பு. ரங்கனாக வரும் பசுபதி குரலை உயர்த்துவதே அபூர்வம். ஒரு குத்து பிசகினால் அவர் கண் மட்டும் சுருங்கும், பார்ப்பவருக்கு அதுவே போதும். கபிலன் மிதிக்கும் சைக்கிளின் கேரியரில் அவர் உட்கார்ந்துவரும் காட்சி, இணையத்தில் பல நாள் மீமாகச் சுற்றியது. சபீர் கல்லரக்கலின் ‘டான்சிங் ரோஸ்’ வில்லனே அல்ல, ஆட்டக்காரன். கைகளைத் தொங்கவிட்டு, இடுப்பை வளைத்து, வரும் குத்தையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிட்டு நழுவுகிறான். அந்தத் தாளத்தைக் கபிலன் பிடிக்கும்வரை ரசிகர் மனம் ரோஸ் பக்கமே சாய்கிறது. இறுதிச் சண்டையைவிட இந்த ரோஸ்–கபிலன் மோதலே சிறந்தது எனலாம். ஆர்யா வசனத்தைவிட உடம்பை நம்பியதும் சரியான முடிவு. எதிரணி வீரன் வேம்புலியாக ஜான் கொக்கேன் மிரட்ட, ஆங்கிலம் கலந்து பேசும் கெவினாக ஜான் விஜய் கலகலப்பூட்டுகிறார். மாரியம்மாளாக வரும் துஷாரா விஜயன், அடங்கிப்போகும் மனைவி என்ற வழக்கமான அச்சை உடைத்து, பறை முழக்கத்துக்கு ஆடும் முதலிரவுக் காட்சியிலேயே கணவனைத் திகைக்க வைக்கிறார்.

அரசியல் சித்திரிப்பு சர்ச்சையானது. எம்.ஜி.ஆருக்கும் விளையாட்டுக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் படம் காட்டுவதாக அ.தி.மு.க. முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார் கண்டித்தார். இரண்டாம் பாகம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.