கடுகின் மரபணுத்தொகுதி

நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் கடுகு பெரும்பாலும் பிராசிகா ஜுன்சியா என்ற இனம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றும் அதற்குப் பங்காளிகள். அவை தமக்குள் ஒரே இனம் என்பதைக் காய்கறிக் கடையில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஜுன்சியா ஒரு கலப்புப் பிறவி. டர்னிப் இனமான பிராசிகா ராப்பாவின் 10 குரோமோசோம் இணைகளும் பிராசிகா நைக்ராவின் 8 இணைகளும் அப்படியே சேர்ந்து 18 ஆயின. இவ்வுறவை 1935இல் தாவரவியலாளர் நாகஹாரு உ முக்கோணமாக வரைந்து காட்டினார். இந்தக் கலப்புக்கும் வெகு முன்பே, சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பேரினத்தின் மூதாதையில் மரபணுத்தொகுதி மும்மடங்கானது. உபரிப் பிரதிகளில் பல அழிந்தன. சில வேறு வேலை பழகின.

கடுகின் நெடி சினிக்ரின் என்ற சேர்மத்தை மைரோசினேஸ் நொதி உடைக்கும்போது எழுவது. கொதிக்கும் எண்ணெயில் அந்நொதி செயலிழக்கிறது. அதனால்தான் தாளித்த கடுகு மணக்கிறது, பச்சையாக அரைத்துக் கலந்த பச்சடி மூக்கில் ஏறுகிறது.

தில்லிப் பல்கலைக்கழகக் குழு 2021இல் இந்திய ரகமான வருணாவின் மரபணுத்தொகுதியைக் குரோமோசோம் வாரியாக வெளியிட்டது. அங்கே தீபக் பெண்டல் குழு உருவாக்கிய மரபணு மாற்றக் கடுகு டிஎம்எச்-11, 2022இல் ஒழுங்குமுறை ஒப்புதல் பெற்றது. 2024இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அந்த ஒப்புதல் குறித்து மாறுபட்ட தீர்ப்பளித்தனர்.