கொடிக்கயிறு

செப்டம்பர் 8 என்றதும் நம் உள்ளம் வேளாங்கண்ணிக் கடற்கரையை நாடிச் செல்கிறது. கொடியும் தேரும், காவியுடை அணிந்து கால்நடையாய் வரும் திருப்பயணியரும் கண்முன் நிற்கின்றனர். அன்னை மரியாவின் பிறப்பு விழாவாகிய அதே நாளில், 1900ஆம் ஆண்டு, வேறொரு கடற்கரையில் ஒரு நகரம் அலைக்குள் அமிழ்ந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கால்வெஸ்டன் என்பது அதன் பெயர். அன்று சனிக்கிழமை, அன்னைக்கு உரியதென்று நம் முன்னோர் போற்றிய கிழமை. நகரில் மட்டும் இறந்தோர் 6,000 முதல் 8,000 வரை இருப்பர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. இயற்கைப் பேரிடர் ஒன்றில் இத்தனை உயிர்களை அந்நாடு அதற்கு முன்னும் இழந்ததில்லை, பின்னும் இழந்ததில்லை.

குருமடத்தில் நாங்கள் கற்ற திருச்சபை வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்கு இடம் இருக்கவில்லை. பின்னாளில் கடலோரப் பங்கொன்றில் பணியாற்றியபோது, ஒரு புயல் இரவில் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்த மக்களோடு விழித்திருந்தேன். அதன் பிறகே இத்தகைய வரலாறுகளைத் தேடிப் படிக்கலானேன்.

கால்வெஸ்டன் ஒரு மணல் தீவு. நீளம் ஏறத்தாழ 30 மைல். அகலமோ மிகுந்த இடத்திலும் 3 மைல் அளவே. நகரின் மிக உயர்ந்த தெருவும் கடல் மட்டத்துக்கு மேல் 9 அடியை எட்டவில்லை. ஆயினும் செல்வம் கொழித்த ஊர் அது. பஞ்சு மூட்டைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் துறைமுகத்தில் வரிசையாய் நின்றன. 37,000க்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்ந்தனர். வணிகரின் மாளிகைகளும், கடலுக்குள் தூண்கள் நாட்டி எழுப்பிய குளியல் மண்டபங்களும் ஊருக்கு அழகு சேர்த்தன.

எச்சரிக்கை இல்லாமல் இருந்ததா? இருந்தது. அதே கரையில் தென்மேற்கே இந்தியனோலா என்னும் துறைமுக நகரம் இருந்தது. 1875இல் ஒரு புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். 1886இல் வந்த மற்றொரு புயல் அதை அழித்தே விட்டது. மக்கள் அவ்வூரைக் கைவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தி கேட்டுக் கால்வெஸ்டன் பெருமக்கள் நடுங்கினர். கடலுக்கு எதிரே சுவர் எழுப்ப வேண்டும் என்று பேசினர். சில மாதங்களில் பேச்சு ஆறிப்போயிற்று. அதுமட்டுமன்று, கரையோரத்தில் இயற்கையே எழுப்பியிருந்த மணல் மேடுகளையும் வெட்டி எடுத்து, ஊருக்குள் இருந்த பள்ளங்களை நிரப்பினார்கள். மணல்மேல் வீடு கட்டியவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை ஞாயிறுதோறும் கேட்ட மக்கள்தாம் அவர்களும்.

அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அறிந்தவர் ஒருவர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். ஐசக் கிளைன் என்பவர் அமெரிக்க வானிலைத் துறையின் கால்வெஸ்டன் நிலையத்துக்குப் பொறுப்பாளர், மருத்துவமும் பயின்றவர், உழைப்பாளி. 1891இல் உள்ளூர் நாளிதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கால்வெஸ்டனுக்குப் புயலால் பெருங்கேடு நேரும் என்று அஞ்சுவது வெறும் மயக்கம் என்பது அதன் சாரம். கடலின் அடித்தரை மெல்லச் சரிந்து ஆழம் குறைவாயிருப்பதால் அலைகள் வலுவிழந்துவிடும் என்று அவர் கருதினார். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆழம் குறைந்த கடலில்தான் புயல் தள்ளிவரும் நீர் போக்கிடமின்றி மேலே குவிந்து கரையேறுகிறது. கற்றவரின் பிழை கல்லாதார் ஆயிரம் பேரின் பிழையைவிடப் பெரிய கேடு செய்யக்கூடும். மறையுரை மேடையில் நிற்கும் எனக்கு இதை எழுதும்போது உள்ளூர ஓர் அச்சம் எழுகிறது.

இனி, கியூபாத் தீவின் தலைநகரான ஹவானாவுக்குச் செல்வோம். அங்கே இயேசு சபையினர் நடத்திய பெலேன் கல்லூரியில் ஒரு வானிலை ஆய்வகம் இருந்தது. பெலேன் என்பது பெத்லகேம் என்பதன் ஸ்பானிய வடிவம். 1870இல் அதன் பொறுப்பை ஏற்றவர் அருட்தந்தை பெனித்தோ வீஞெஸ். நாள்தோறும் காற்றழுத்தத்தையும், காற்றின் திசையையும், உயரத்தில் மெல்லிய இறகுபோல் நீளும் கீற்று முகில்களின் போக்கையும் குறித்து வைத்தார். புயல் கடந்த ஊர்களுக்கு நேரில் சென்று சேதங்களை ஆராய்ந்தார். தொலைவில் உள்ள புயல் எந்தத் திசையில் இருக்கிறது, எங்கே செல்கிறது என்பதை முகில்களைக் கொண்டே கணிக்கலாம் என்று கண்டார். 1875 செப்டம்பர் 11 அன்று நாளிதழ்கள் வழியாக அவர் வெளியிட்ட எச்சரிக்கை, கரீபியப் பகுதியில் முறையாக வெளியான முதல் புயல் முன்னறிவிப்பு என்று போற்றப்படுகிறது. கியூப மக்களும் மாலுமிகளும் அவரைப் ‘புயல் தந்தை’ என்றே அழைத்தனர். 1893இல் அவர் இறையடி சேர்ந்தார். அவருக்குப் பின் அருட்தந்தை லொரென்சோ கங்கோயித்தி அப்பணியைத் தொடர்ந்தார்.

1898இல் நடந்த போருக்குப் பின் கியூபா அமெரிக்கப் படை ஆட்சியின் கீழ் வந்தது. அமெரிக்க வானிலைத் துறை ஹவானாவில் தன் அலுவலகத்தை நிறுவியது. அதன் அலுவலர்களுக்குக் கியூபரின் முன்னறிவிப்புகள் மிகைப்பட்ட கூச்சலாகத் தோன்றின. முப்பது ஆண்டுகளாக ஒரே வானத்தை உற்று நோக்கிய ஆய்வகத்தின் குறிப்பேடுகளை அவர்கள் மதிக்கவில்லை. 1900 ஆகஸ்டு இறுதியில், புயல் பருவம் உச்சத்தை அடையும் வேளையில், கியூப வானிலையாளரின் செய்திகளை அரசுத் தந்திக் கம்பிகளில் அனுப்பக் கூடாது என்று தடை விதித்தனர். துறையின் தலைவர் வில்லிஸ் மூர் அத்தடைக்கு முழு ஆதரவாளர்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது வடகிழக்கே வளைந்து புளோரிடா வழியாக அட்லாண்டிக் கடலுக்குப் போய்விடும் என்று வாஷிங்டன் முடிவு செய்தது. முந்திய புயல்கள் பலவும் அப்படித்தான் வளைந்தன. எனவே இதுவும் வளைய வேண்டும். கங்கோயித்தி அடிகளாரோ முகில்களைப் பார்த்தார். புயல் வலுப்பெற்று மெக்சிகோ வளைகுடாவுக்குள் மேற்கு நோக்கி, டெக்சாஸ் பக்கம் செல்கிறது என்று கணித்தார். அக்கணிப்பு சரியானது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரவில்லை. கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி வராத காலம் அது. வளைகுடாவின் நடுவில் புயலைக் கண்ட மாலுமிகளாலும் கரைக்குச் செய்தி சொல்ல இயலவில்லை.

செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை, கால்வெஸ்டனில் புயல் கொடி ஏறியது. கொடி ஏறுவதும் இறங்குவதும் மக்களுக்குப் பழகிய காட்சி. மறுநாள் விடியலில் கடல் நீர் தாழ்ந்த தெருக்களுக்குள் புகுந்தபோது சிறுவர் அதில் துள்ளி விளையாடினர். பேரலைகளை வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாய்க் கரைக்குச் சென்றனர். ஒன்றே ஒன்று கிளைனின் நெஞ்சை உறுத்தியது. காற்று வடக்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. நம் மீனவர் வாடை என்பார்களே, அந்தத் திசைக் காற்று. அது கடலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கடலோ அக்காற்றை எதிர்த்து ஏறி வந்தது. கரையோர மக்கள் உள்ளே செல்லுமாறு அவர் எச்சரித்ததாகப் பின்னர் எழுதினார். எத்தனை பேரிடம் சொன்னார் என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிற்பகலில் தீவை நிலத்தோடு இணைத்த பாலங்கள் நீருக்குள் மறைந்தன. பிறகு போவதற்கு இடமில்லை.

நகருக்கு மேற்கே 3 மைல் தொலைவில், கடற்கரையை ஒட்டிப் புனித மரியா அனாதை இல்லம் இருந்தது. 1866இல் ஆயர் குளோட் துபுய் அழைப்பை ஏற்றுப் பிரான்சு நாட்டின் லியோன் நகரிலிருந்து வந்த, மனுவுருவான வார்த்தையின் அன்புச் சகோதரிகள் அதை நடத்தினர். மஞ்சள் காய்ச்சலில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய பணி அது. நகரத்துக் காய்ச்சல் எட்டாத தூய காற்று வேண்டும் என்றே கடலோரத்தைத் தேர்ந்தனர். 1900இல் அங்கே 93 குழந்தைகளும் 10 சகோதரிகளும் இருந்தனர்.

அன்று காலை சகோதரி எலிசபெத் ரயன் உணவுப் பொருள் திரட்ட வண்டியில் நகருக்கு வந்திருந்தார். சபையின் மருத்துவமனையில் இருந்தவர்கள், ‘புயல் ஓயும்வரை இங்கேயே தங்கிவிடுங்கள்’ என்று வற்புறுத்தினர். பொருள்கள் எல்லாம் வண்டியில் இருக்கின்றன, நான் போகாவிட்டால் பிள்ளைகளுக்கு இரவு உணவில்லை என்று அவர் மறுத்துத் திரும்பிப் போனார். அந்த மருத்துவமனை புயலைத் தாங்கி நின்றது.

இல்லத்தின் முன்னிருந்த மணல் மேடுகள் மாவைப் போல் கரைந்தன. இரு துயிற்கூடங்களில் உறுதி மிக்கதாகிய சிறுமியர் கூடத்துக்குச் சகோதரிகள் எல்லாரையும் கூட்டிச் சென்றனர். நீர் ஏற ஏற மாடிக்கு ஏறினர். அச்சத்தைத் தணிக்க ‘அலைகளின் அரசியே’ என்னும் பழைய பிரெஞ்சுப் பாடலைப் பாடச் செய்தனர். புயலில் சிக்கிய பிரெஞ்சு மீனவர் அன்னையை நோக்கிப் பாடியது என்பர். பின்னர் பணியாளரிடம் கொடிக்கயிற்றை, துணி காயப் போடும் அந்தக் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். துண்டு துண்டாய் அறுத்து, ஒவ்வொரு சகோதரியும் ஆறு முதல் எட்டுக் குழந்தைகளைத் தம் இடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். இரவு சிறுவர் கூடம் இடிந்தது. சிறிது நேரத்தில் அவர்கள் இருந்த கூடமும் பெயர்ந்து, கூரை அவர்கள்மேல் விழுந்தது. சற்று வளர்ந்த சிறுவர் மூவர் மட்டும் நீரில் மிதந்த மரம் ஒன்றைப் பற்றிப் பிழைத்தனர். சகோதரிகள் பதின்மரும் குழந்தைகள் 90 பேரும் மாண்டனர்.

பின்பு உடல்களைத் தேடியவர்கள் மணலுக்குள் ஒரு குழந்தையைக் கண்டு தூக்க முயன்றபோது, கயிறு இழுபட்டு அடுத்த குழந்தை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, இறுதியில் ஒரு சகோதரி. மற்றொரு சகோதரி இரு பச்சிளம் குழந்தைகளை இறுக அணைத்தபடியே கிடந்தார்.

இவ்விடத்தில் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. அந்தக் கயிறு அவர்களைக் காத்ததா, அமிழ்த்தியதா? கட்டாமல் விட்டிருந்தால் இன்னும் சிலர் மரம் பற்றிப் பிழைத்திருப்பரோ? ஆண்டுகள் பலவாக இதை நான் சிந்தித்து வந்திருக்கிறேன். 15 அடி உயரம் ஏறிய நீரில், இருட்டில், மூன்று வயதுக் குழந்தை எதைப் பற்றும்? கயிற்றைத் தவிர அவர்கள் கையில் வேறெதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. சுவர் கட்ட வேண்டியவர்கள் கட்டவில்லை. செய்தி அனுப்ப வேண்டியவர்கள் தடுத்தார்கள். மணல் மேட்டை வெட்டியவர்கள் வெட்டினார்கள். அத்தனைக்கும் பின் எஞ்சியது ஒரு கொடிக்கயிறு. ‘உங்களை விடமாட்டோம்’ என்று பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கை அதனால் நிறைவேற்றினார்கள்.

புனித மரியா பேராலயத்தின் கோபுரத்தில் ‘கடலின் விண்மீன்’ ஆன அன்னையின் திருவுருவம் அந்தப் புயலிலும் வீழாமல் நின்றது. அதைப் புதுமை என்று பலர் எழுதினர். நானும் ஒரு காலத்தில் அப்படியே மறையுரையில் சொல்லியிருப்பேன். அந்த 90 குழந்தைகளை அறிந்த பின் என்னால் அதைச் சொல்ல முடிவதில்லை. உர்சுலின் சகோதரிகளின் மடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அடைக்கலம் பெற்றனர், அந்த இரவில் அங்கே குழந்தைகளும் பிறந்தன என்னும் செய்தியே எனக்கு ஆறுதல் தருகிறது.

கிளைனின் வீட்டில் அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ 50 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். கருவுற்றிருந்த அவர் மனைவியும் அவர்களுள் ஒருவர்; உடல் அம்மாத இறுதியில்தான் கிடைத்தது. 1901இல் நியூ ஆர்லியன்சுக்கு மாற்றலாகிச் சென்ற அவர், எஞ்சிய காலமெல்லாம் புயலையும் புயல்வெள்ளத்தையும் ஆராய்ந்தார். 1915இல் அந்நகரைத் தாக்கிய புயலின்போது அவர் விடுத்த எச்சரிக்கை பல உயிர்களைக் காத்தது.

கால்வெஸ்டனில் இறந்தோரைப் புதைக்க நிலம் போதவில்லை. நிலமும் ஈரம் வடியாமல் கிடந்தது. படகில் ஏற்றிக் கடலில் விட்டனர்; அலை அவர்களைத் திரும்பக் கரையில் சேர்த்தது. இறுதியில் கிடைத்த இடத்திலேயே எரித்தனர். 1886 முதல் திருச்சபை தகனத்தைத் தடை செய்திருந்தது; 1963இல்தான் அது தளர்ந்தது. அந்தத் தீயின் அருகே நின்ற கத்தோலிக்கரின் மனநிலையை இன்றைய தலைமுறை எளிதில் உணராது.

பிறகு, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். 17 அடி உயரமுள்ள கடல் தடுப்புச் சுவரை 1902இல் தொடங்கி 1904இல் 3 மைலுக்கு மேல் எழுப்பினர். அதை வகுத்த பொறியாளர் மூவருள் ஒருவரான ஹென்றி ராபர்ட், கூட்டம் நடத்தும் விதிமுறைகள் பற்றிய நூலால் உலகறிந்தவர். 1903 முதல் நகரையே உயர்த்தினர். ஈராயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி, அடியில் கடல் மணலை நிரப்பினர். 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் ஆலயத்தையும் 700 ஜாக்கிகள் வைத்து 5 அடி உயர்த்தினார்கள். 1915இல் அதே வலிமையுள்ள புயல் வந்தபோது சுவர் நின்றது. நகருக்குள் இறந்தோர் மிகச் சிலரே. 1886இல் பேசிய சுவர்தான் அது. பதினெட்டு ஆண்டுகள் தாமதமாக வந்தது.

சகோதரிகள் 1901இலேயே புதிய அனாதை இல்லம் திறந்தனர். பழைய இல்லம் இருந்த இடத்துக்கு அருகே, அந்தச் சுவரின்மேல் செல்லும் சாலையோரம், 1994இல் ஒரு நினைவுப் பலகை நாட்டப்பட்டது. அச்சபையின் சகோதரிகள் ஆண்டுதோறும் செப்டம்பர் 8 அன்று, தாங்கள் எந்த நாட்டில் பணியாற்றினாலும், ஒன்றுகூடி ‘அலைகளின் அரசியே’ பாடலைப் பாடுகின்றனர்.