கார் கிளம்பவில்லையா? பேட்டரியை மட்டும் குறை சொல்லாதீர்கள்

பனிக்காலத்தில் கார் கிளம்பாவிட்டால் நாம் முதலில் பழி போடுவது பேட்டரி மீதுதான். புதிது வாங்கிப் போட்டு, இரண்டே வாரத்தில் வண்டி மறுபடி படுத்துக்கொண்ட கதையை இங்கே மினசோட்டாவில் பல நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குடம் காலியாக இருந்தால், குடம் ஓட்டையா அல்லது குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று பார்ப்போமில்லையா? காரில் குடம் பேட்டரி, குழாய் ஆல்டர்னேட்டர்.

இதற்கு மலிவான மல்ட்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி இரவு முழுவதும் நின்றபின் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். (ஓட்டி வந்த கையோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும்.) ஈய-அமில பேட்டரிக்குள் ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆகவே நிரம்பிய பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. நிரம்பிய பேட்டரியே சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் அதற்கு வயதாகிவிட்டது.

இனி எஞ்சினை ஓடவிட்டு அளக்கலாம். 13.8-இலிருந்து 14.5 வரை இருந்தால் நலம். 12.6-ஐத் தாண்டவே இல்லையென்றால் பெல்ட், வயர், ஆல்டர்னேட்டர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு; பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும். புதிய கார்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்குவதால், முகவிளக்கையும் ஹீட்டரையும் போட்டு இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பலர் மறக்கும் சோதனை ஒன்று. மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈயக் குமிழிலும், மற்றதை அதைக் கவ்வும் வளையத்திலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். அரை வோல்ட் காட்டினால் இடையில் உப்புப் பூத்திருக்கிறது. சமையல் சோடா கலந்த தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். செலவு ஏறக்குறைய இல்லை!

எல்லாம் சரியாக இருந்தும் இரவில் பேட்டரி வடிகிறதா? எதிர்முனை வயரைக் கழற்றி, நடுவே ஆம்பியர் அளவில் மீட்டரை இணைத்து, கம்ப்யூட்டர்கள் தூங்க அரைமணியாவது காத்திருங்கள். (அந்த நிலையில் எஞ்சினைக் கிளப்பினால் மீட்டர் போய்விடும்.) 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது வழக்கம். கூடினால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியும் குறையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசியலாம். சாதாரண ஃப்யூஸ் வரிசையில் அது பெரும்பாலும் அகப்படாது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. டைனமோ காலத்து வித்தை அது. கிரைஸ்லர் 1960-இல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்தபோது வண்டிக்குள் கம்ப்யூட்டர் கிடையாது. இன்று அந்த மின்பாய்ச்சல் கம்ப்யூட்டரையே சுட்டுவிடக்கூடும்.

குளிரில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: வடிந்த பேட்டரியில் அமிலம் நீர்த்து, உறைந்துபோகும். வயிறு உப்பியிருந்தாலோ உள்ளே பனிக்கட்டி தெரிந்தாலோ பக்கத்து வண்டியிலிருந்து வயர் போடாதீர்கள். வெடிக்கும்.