பர்லி பால்ஃபர் பிரபுவும் ஸ்காட்லாந்துத் திருச்சபை ஐக்கியமும்

1910ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டைக் குறித்துப் பேசும்போதெல்லாம் ஜான் மாட்டின் பெயரையும், அங்கு உரையாற்றிய நம் அசரியாவின் பெயரையும் நாம் நினைவுகூருகிறோம். அம்மாநாட்டின் தலைவராய் வீற்றிருந்தவர் ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவரே ஆறாவது பர்லி பால்ஃபர் பிரபு. பிரதமராயிருந்த ஆர்தர் பால்ஃபர் வேறு, இவர் வேறு.

1849ஆம் ஆண்டில் பிறந்த அலெக்சாண்டர் ஹியூ புரூஸ் என்னும் இவர், பரம்பரைப் பட்டம் ஒன்றின் உரிமையாளர். ஸ்டூவர்ட் அரச மரபுக்காக 1715இல் எழுந்த கிளர்ச்சியில் சேர்ந்ததனால் அக்குடும்பம் பட்டத்தை இழந்திருந்தது. 1869இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அதனை மீட்டளித்தது. ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் தங்களுக்குள் பதினாறு பேரைத் தெரிந்தெடுத்துப் பிரபுக்கள் சபைக்கு அனுப்புவது அக்கால வழக்கம். அம்முறையில் 1876இல் இவர் அச்சபையில் இடம்பெற்றார். 1895 முதல் 1903 வரை ஸ்காட்லாந்து விவகாரங்களுக்கான அமைச்சராய்ப் பணியாற்றினார். இறக்குமதிப் பொருள்கள்மீது வரி விதித்துக் குடியேற்ற நாடுகளுக்குச் சலுகை அளிக்கவேண்டும் என்னும் சேம்பர்லேனின் திட்டம் அமைச்சரவையைப் பிளந்தபோது, தடையற்ற வாணிபத்தில் தாம் கொண்டிருந்த உறுதியினிமித்தம் 1903இல் பதவி துறந்தார். அதன்பின் அவர் அமைச்சரவைக்குத் திரும்பவில்லை.

எனினும் திருச்சபையின் வரலாற்றில்தான் அவருடைய பணியின் முழுப் பொருளும் விளங்குகிறது. சபையின் விருப்பத்திற்கு மாறாக நிலக்கிழார்கள் ஆயரை நியமிக்கும் உரிமையை எதிர்த்து, 1843இல் 450க்கு மேற்பட்ட ஆயர்கள் ஸ்காட்லாந்துத் திருச்சபையைவிட்டு வெளியேறிச் சுயாதீனத் திருச்சபையை நிறுவினர். 1874இல் அவ்வுரிமை ஒழிக்கப்பட்டும் காயம் ஆறவில்லை. திருச்சபைக்கு அரசு அளித்திருந்த தனி நிலையை நீக்கவேண்டுமெனச் சுயாதீனத் திருச்சபையாரில் பலர் போராடினர். அந்நிலையைக் காக்கப் பால்ஃபர் பிரபு முன்னின்று வாதாடினார். ஆகவே, தொடக்கத்தில் அவரை ஐக்கியத்தின் தூதுவராக எவரும் எண்ணியிருக்க முடியாது.

1900இல் சுயாதீனத் திருச்சபையின் பெரும்பான்மையோர் ஐக்கிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையோடு இணைந்து ஐக்கிய சுயாதீனத் திருச்சபை ஆயினர். இணைய மறுத்த சிறுபான்மையோர் வழக்குத் தொடுத்தனர். 1904இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், பழைய கொள்கையில் நிலைத்தவர்கள் சிறுபான்மையோரே எனக் கூறிச் சொத்து அனைத்தையும் அவர்களுக்கே உரியதாக்கினர். அச்சொத்தைத் தக்கவாறு பங்கிட 1905இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. ஒரு திருச்சபை தன் விசுவாசத்தின் விளக்கத்தைத் தானே தீர்மானிக்க உரிமையற்றதாயின், அதன் சுயாதீனம் எத்தகையது என்னும் வினா ஸ்காட்லாந்து முழுவதையும் அசைத்தது.

இச்சூழலிலேயே 1910ஆம் ஆண்டு மாநாடு கூடியது. அரசின் ஏற்புப் பெற்ற திருச்சபையின் மூப்பராகிய பால்ஃபர் பிரபு, ஐக்கிய சுயாதீனத் திருச்சபையின் பேரவை மண்டபத்தில் தலைமை ஏற்றார். மிஷன் களத்தில் பிறக்கும் ஒருமைப்பாடு தாய்நாட்டுத் திருச்சபைகளையும் தொடக்கூடும் என்னும் நம்பிக்கையைத் தம் உரையில் வெளியிட்டார். இது வெறும் மரியாதைச் சொல்லன்று. 1908இலேயே நம் நாட்டில் பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவாகியிருந்தது.

1909 முதல் இரு திருச்சபைகளும் நடத்திய பேச்சுகளில் பால்ஃபர் பிரபு ஊக்கமாய் உழைத்தார். அரசின் ஏற்பும் அரசின் ஆதிக்கமும் ஒன்றல்ல என்னும் தெளிவே அப்பேச்சுகளுக்கு வழி திறந்தது. ஆன்மீகக் காரியங்களில் கிறிஸ்து ஒருவரே திருச்சபையின் தலைவர் என்பதைத் திருச்சபை தன் சொற்களிலேயே பிரகடனப் பிரிவுகளாக எழுதியது. பாராளுமன்றம் அதனைச் சட்டபூர்வமானதென ஏற்றது. பால்ஃபர் பிரபு 1921 ஜூலை 6ஆம் நாள் மறைந்தார். அச்சட்டத்திற்கு ஜூலை 28ஆம் நாள் அரச ஒப்புதல் கிடைத்தது. இரு திருச்சபைகளும் 1929 அக்டோபர் 2ஆம் நாள் ஒன்றாயின.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1947இல் மலர்ந்த தென்னிந்தியத் திருச்சபையின் மக்களாகிய நாமும், சபையின் வழக்குகள் நீதிமன்றங்களின் வாயிலில் நிற்பதைக் கண்டு வருகிறோம். நீதிமன்றம் தன் கடமையைச் செய்கிறது. ஆனால் நாம் யார் என்பதைச் சொல்லவேண்டியவர்கள் நாமே. அதை நாம் தெளிவாய்ச் சொல்லாதபோது பிறர் நமக்காகச் சொல்ல நேரிடுகிறது என்பதையே 1904ஆம் ஆண்டுத் தீர்ப்பு கற்பிக்கிறது. தாம் பேணிய நிலையை விட்டுவிடாமலே, எதிரணியினரின் மனச்சாட்சிக்கும் இடமளிக்கும் வழியைத் தேடினார் பால்ஃபர் பிரபு. அறுவடையைக் காணாமற்போனாலும் விதைப்பவன் விதைக்கவே வேண்டும். ஐக்கியத்திற்காக உழைக்க அழைக்கப்பட்ட ஆயர்களும் இறையியல் மாணவரும் இப்பொறுமையைக் கற்றுக்கொள்ளுதல் நலம்.