ஆசனப் பங்கீடும் குடிசனத் தொகையும்

1947 இற் கூடிய இலங்கைப் பிரதிநிதிகள் சபையில் தெரிவான அங்கத்தவர் 95 பேர், நியமனம் பெற்றோர் அறுவர். மாகாணந்தோறும் 75,000 மக்களுக்கு ஓராசனமும், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஓராசனமும் வகுத்தது சோல்பரி யாப்பு. பரப்புக்கு ஆசனமளித்தமை சிறுபான்மையினர் நலங்கருதியே, நோக்கம் நன்று.

ஆயின் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை வாக்கற்றோராக்கின. விந்தை யாதெனில், மாகாணங்களுக்கு ஆசனம் பங்கிடுகையில் அவர்தந் தலைகளும் எண்ணப்பட்டமையே. அவர்கள் பொருட்டுக் கிடைத்த ஆசனங்களுக்கு வாக்களித்தோர் ஏனையோர். 1959 இல் தொகுதிகள் மீள வகுக்கப்பட்டு, அடுத்த ஆண்டிற் சபை 157 ஆகப் பெருகியபோதும் இந்நிலை நீங்கவில்லை. 1947 இல் நுவரெலியாவில் வென்ற சௌ. தொண்டமான், 1960 இல் நியமன அங்கத்தவராகவே சபை புகுந்தார்.