புயலில் மீண்ட பாம்பன் பாலம் துருவிடம் தோற்றது எப்படி? புதிய பாலம் தாக்குப்பிடிக்குமா?

திருவனந்தபுரத்தில் ராத்திரி அமிர்தா எக்ஸ்பிரஸில் ஏறினால், மறுநாள் மதியம் ராமேஸ்வரத்தில் இறங்கிவிடலாம். மதுரையோடு நின்றுகொண்டிருந்த இந்த ரயில், 2025 அக்டோபரில் இருந்து ராமேஸ்வரம் வரை போகிறது. வழியில் சுமார் 2 கி.மீ. கடல் மேல் பயணம். அதற்காக ரூ.550 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய புதிய பாம்பன் பாலத்தை, 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்தார்.

பழைய பாலத்துக்கு என்ன ஆச்சு?

1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் அது. 145 கண்கள், நடுவில் கப்பல் போவதற்காக இரண்டாகப் பிரிந்து மேலே எழும் 'ஷெர்சர்' தூக்குப் பாலம். மோட்டார் கிடையாது. ஊழியர்கள் நெம்புகோல்களைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடந்துதான் திறப்பார்கள்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. சீரமைப்பு வேலை இ.ஸ்ரீதரனிடம் வந்தது. பின்னாளில் 'மெட்ரோ மேன்' என்று பெயர் வாங்கிய அதே பாலக்காட்டுக்காரர்தான். அப்போது வயது 32. ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம். கடலுக்கடியில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து, 46 நாளில் முடித்துக் கொடுத்தார்.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிந்தைய 58 வருடங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த வருடங்கள் முழுக்க நடந்தது துருவைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, அரித்துப்போன பாகத்தை மாற்றுவது. படம் எடுக்கக்கூட யாரும் வராத வேலை.

உலகிலேயே அதிக அரிப்பு உள்ள இடங்களில் அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்து பாம்பன் என்று அடிக்கடி சொல்வார்கள். ரேங்க் எப்படியோ, காரணம் எளிது. கடல் காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிகிறது, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, பெயின்ட் விட்ட சின்ன விரிசலில் நுழைந்து உள்ளே பரவுகிறது. வெளியே பளபளவென்று இருக்கும். இணைப்புகளுக்குள்ளே இரும்பு மெலிந்துகொண்டே வரும்.

காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிட வேண்டும் என்பது பழைய பாலத்தின் விதி. துருவுக்கு அப்படியொரு சிக்னல் கிடையாது. 2022 டிசம்பர் 23 அன்று, தூக்குப் பாலத்தில் பொருத்தியிருந்த சென்சார்கள் எச்சரித்தன. அன்று நின்ற ரயில் போக்குவரத்து அந்தப் பாலத்தில் மறுபடி தொடங்கவே இல்லை.

பெயின்ட் என்ன அவ்வளவு பெரிய விஷயமா?

பாரிஸ் ஈபிள் கோபுரத்தைப் பாருங்கள். 1889-ல் 20 வருடத்துக்கு மட்டும் நிற்கட்டும் என்று கட்டியது, இன்றும் நிற்கிறது. சுமார் 7 வருடத்துக்கு ஒருமுறை 60 டன் பெயின்ட் அடிப்பது அதற்கு முக்கியக் காரணம். அங்கேயும் சிக்கல் உண்டு. 2019-ல் தொடங்கிய 20-வது சுற்று, பழைய பூச்சில் இருந்த ஈயத்தால் 2021-ல் நின்றது. 2024 பிப்ரவரியில் பராமரிப்பு சரியில்லை என்று ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்ய, கோபுரம் பல நாள் மூடிக் கிடந்தது.

புதிய பாம்பனில் என்ன மாற்றம்?

72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, இரு பக்கக் கோபுரங்களுக்கு நடுவே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும், மின்சாரத்தில். கம்பிகள் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இணைப்புகள் முழுக்க வெல்டிங், மேலே பாலிசிலாக்சேன் பூச்சு.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 2024 நவம்பரில், திறப்பு விழாவுக்கு முன்பே, ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு அரிப்புத் தடுப்பு போதவில்லை என்று குறை சொன்னது. அனுமதித்த வேகம் 75 கி.மீ., தூக்குப் பாலத்தில் 50. வடிவமைப்பு சரியானதுதான் என்றது ரயில்வே. குறைகளை ஆராய ஒரு குழுவும் போட்டது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி பாலம் எவ்வளவு உயரம் எழும் என்பதில்லை. பூச்சின் தடிமனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள்? அந்தப் பதிவேடு பொதுவெளிக்கு வருமா? பயணிகளுக்குத் தெரிய வேண்டிய தரவு அதுதான்.