மலாய்ப் பண்பாட்டின் பல ஊற்றுகள்

ஒரு நாட்டின் பண்பாடு ஒரே ஊற்றிலிருந்து தோன்ற வேண்டும், பிறவழி வந்தவை யாவும் மாசு என எண்ணுவோர் உளர். பல இனத்தார் வாழும் மலேசியாவின் வரலாறு இக்கருத்துக்குச் சான்று தரவில்லை.

அந்நாட்டின் திரெங்கானு மாநிலத்தில் ஒரு கல்வெட்டுக் கிடைத்துள்ளது. கி.பி. 1303ஆம் ஆண்டினது எனப் பலரும் கொள்ளும் அக்கல்லில் இஸ்லாமியச் சட்ட விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து, அரபு வழிவந்த ஜாவி, மொழி மலாய். ஆனால், அல்லாஹ்வைக் குறிக்க அதில் வரும் தொடரோ 'தேவதா முலியா ராயா' என்பது. புதிய மார்க்கத்தை ஏற்ற மக்கள், தாம் முன்பே அறிந்திருந்த வடசொல்லைக் கொண்டே ஏக இறைவனைச் சுட்டினர். சொல் பழையது, அது சுமந்த பொருள் புதியது.

மலாய் முஸ்லிம்கள் நோன்பைப் 'புவாசா' என்பர். அது 'உபவாசம்' என்பதன் திரிபு. தொழுகைக்கு வழங்கும் 'செம்பாஹ்யாங்' இஸ்லாத்துக்கு முற்பட்ட சொல். சுவர்க்கம் அங்கே 'ஷுர்கா', நரகம் 'நெராக்கா'. இவற்றோடு கிதாப், துன்யா போன்ற அரபுச் சொற்களும் கலந்தன. நம் கப்பலும் கடையும் 'காப்பால்', 'கெடாய்' என அங்கே குடியேறின. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியரின் ஆட்சி 1641இல் முடிந்தது. ஆயினும், அவர்கள் தந்த மேசையும் சன்னலும் நம் மொழியில் போலவே மலாயிலும் நிலைத்துவிட்டன.

சொல்லில் கண்டதைக் கல்லிலும் மரத்திலும் காணலாம். மலாக்காவில் இந்திய முஸ்லிம் வணிகர் 1748இல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலின் கூரை, சுமத்ரா முறையில் மூன்றடுக்காக அமைந்தது. மினாரா சீனக் கோபுரத்தை ஒத்தது. தூண்களில் ஐரோப்பியப் பாணி உண்டு. கிப்லா மட்டும் ஒன்றே!

அந்நகரில் பிறந்து 1854இல் மறைந்த முன்ஷி அப்துல்லாஹ், யமன் நாட்டு அரபு மரபும் தமிழ் மரபும் கலந்த குடும்பத்தவர். அவரையே நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றுகின்றனர்.

அண்மைக் காலமாக மலாயில் 'செம்பாஹ்யாங்' என்பதன் இடத்தை 'சோலாட்' என்னும் அரபுச் சொல் பெற்று வருகிறது. குர்ஆனின் மொழி நமக்கு இனியது, அதில் ஐயமில்லை. ஆனால், பழஞ்சொல்லை வழங்கியோரின் ஈமான் குறைவுடையது என்று கருதுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். நம் முன்னோரும் தொழுகை, நோன்பு என்றே தமிழில் வழங்கினர். சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லை இறையில்லத்துக்குச் சூட்டினர். அதனால் அவர்தம் தவ்ஹீது தளர்ந்துவிடவில்லை.

கொள்கையில் உறுதியுடையோர், பிறரிடமிருந்து பெறுவதற்கு அஞ்சுவதில்லை. பெற்றதைத் தமதாக்கி, நன்றியோடு நினைவிற் கொள்ளும் சமுதாயங்களே பல இனத்தார் வாழும் நாட்டை ஒரு நாடாக நிலைநிறுத்துகின்றன.